ஈயக்குண்டு வைத்துத் தைத்தது

வடக்கே கோடை முடிந்ததும் கழற்றிப் போட்டதெல்லாம்
கப்பலேறிக் கடைசியில் என் கடைக்கு வரும்.
வந்து சேரும்போது புந்தா அரேனாஸில் ஜூன்;
காலை பத்து மணிக்குத்தான் விடியும்.
மூட்டைக் கயிற்றைக் கத்தியால் அறுத்தால்
முதலில் சரிவது பூக்கள்.
கை இல்லாத பூக்கள்,
முதுகு திறந்த பூக்கள்,
முழங்காலோடு நின்றுவிட்ட பூக்கள்.
பிறகு புள்ளிகள். பிறகு கப்பல்காரக் கோடுகள்.
ஒரு சிறுத்தை, முழங்கை கிழிந்தது.

யார் வாங்குவார் இதை இந்தக் குளிரில் என்று
எதிர்க்கடை இறைச்சிக்காரன் ஓயார்சோ சிரிப்பான்.
பதினாறு வருஷமாய்ச் சிரிக்கிறான்.
அவன் மனைவிக்குக் கிளிப்பச்சை விற்றது நான்தான்.

குளிருக்குக் கறுப்பு என்று எவன் சொன்னான்?
கம்பளியைப் பூச்சட்டைக்கு உள்ளே போடுங்கள்.
மேலே போட்டால் பூ மூடிப்போகும்;
உள்ளே போட்டால் பூ கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதான்.
பெரிய பூவோடு சின்னக் கட்டம் சேரும்.
பெரிய பூவும் பெரிய கட்டமும்
ஒரே அடுப்பில் இரண்டு மாமியார்.
கோட்டின்மேல் கோடு போடலாம், அகலம் வேறாக இருந்தால்.
புள்ளி எதோடும் போகும்; நல்ல குணம் அதற்கு.
காலுக்குத் தடித்த உறை, கடுகு நிறத்தில்.
சிறுத்தையை ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்துவைக்காதீர்கள்,
செவ்வாய்க்கிழமைக்குத்தான் அது தேவை.

ரொசெந்தா வந்தது ஆகஸ்டில்.
நண்டு ஆலையில் வேலை.
பத்து மணி நேரம் வெள்ளை:
வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி,
ரப்பர் காலணிகூட வெள்ளை.
நாற்பது பெண்களில் அவள் யார் என்று
கூட வேலை பார்க்கும் அக்காவுக்கே
கண்ணை வைத்துத்தான் தெரியும்.
எலுமிச்சை அச்சடித்த பாவாடையைத் தொட்டாள்.
விட்டாள்.
மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி தொட்டாள்.
"காற்று" என்றாள்.

ஆமாம், காற்று.
தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறது
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
அம்மியைக் கொடுத்தாலும் அசைத்துப் பார்க்கிற காற்று
எலுமிச்சையை விடுமா?
தூண்டில் கடையில் ஈயக்குண்டு எட்டு வாங்கினேன்.
ஓரத்தை மடித்து
சாணுக்கு ஒன்றாய் வைத்துத் தைத்தேன்.
கால்முட்டியில் டொக் டொக்கென்று இடிக்க
திருடு அகப்பட்டவள்போல் நடந்து போனாள்.

செப்டம்பரில் வந்தாள்.
"இரண்டை எடுத்துவிடு, நெலிதா."
ஏன் என்று கேட்கவில்லை.
அக்டோபரில் இன்னும் மூன்று.

உடைமாற்றும் அறையில்
வெள்ளைக்குள்ளிருந்து எலுமிச்சை வெளிவருவதைப் பார்க்க
பத்துப் பேர் தலை வாராமல் நிற்கிறார்களாம்.
அந்தப் பத்தில் ஆறு பேர் என்னிடம் வந்தார்கள்.
மேற்பார்வை பார்க்கும் பர்ரியா அறிவிப்பு ஒட்டினாள்:
சீருடைக்குள் வண்ணம் தெரியக்கூடாது.
மறுவாரம் அவளும் வந்தாள், கடை மூடுகிற நேரத்துக்கு.
உள்ளே போட ஏதாவது வேண்டும்,
தெரியக்கூடாது, ஆனால் இருக்கவேண்டும்.
கிழிசலைத் தைத்துச் சிறுத்தையைக் கொடுத்தேன்.

டிசம்பர்.
எங்கள் கோடை என்பது
ஒன்பது டிகிரியும் ராத்திரி பத்து வரை வெளிச்சமும்.
காற்றுக்கு வெறி பிடிப்பதும் அப்போதுதான்.
மீதி மூன்றையும் அறுக்கச் சொன்னாள் ரொசெந்தா.
"பறக்கும்" என்றேன்.
"பறக்கட்டும். உள்ளே கட்டம் போட்டிருக்கிறேன்" என்றாள்,
"சின்னக் கட்டம்."

வாசலில் நின்று பார்த்தேன்.
ஒரு கை கயிற்றில்.
இன்னொரு கை பாவாடையைப் பிடிக்கவில்லை,
ரொட்டிப் பையைப் பிடித்திருந்தது.
முனை திரும்பியதும்
எலுமிச்சை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன.
ஓயார்சோ கத்தியோடு வெளியே வந்தவன்
எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றான்.

எட்டுக் குண்டும் என் பிஸ்கட் டப்பாவில்.
நேற்று அடுத்த மூட்டை இறங்கியது.
வடக்கில் யாரோ கழித்த குளிர்கோட்டுகள்:
கறுப்பு, கறுப்பு, சாம்பல், கறுப்பு.
யார் வாங்குவார் இதை
இந்தக் கோடையில்.